பழசு மாதிரி செய்யலாம், பழசுன்னு விக்கலாமா?

பழைய ஸ்டைல் வாட்ச்சை நீங்களே அசெம்பிள் பண்ணலாம். சீக்கோவின் என்.எச்.35 மூவ்மென்ட், அதற்குப் பொருந்துற கேஸ், டயல், முள் இருந்தால் போதும். அதுல தப்பே இல்லை. ஆனா, பழைய எச்.எம்.டி. டயலுக்குப் புது பெயின்ட் அடிச்சு, 'ஒரிஜினல் ஜனதா'ன்னு விற்பது ஏமாற்று வேலை.

சிட்டிசன் கூட்டோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. 2016-ல் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. இனி அந்த டயல் எங்கிருந்து வரும்? அழிச்சா அழிச்சதுதான்.

"பளபளன்னு இருக்கே, என்ன கெட்டுப்போச்சு?" என்பீர்கள். உள்ளே 17 ஜுவல், விநாடிக்கு 5 துடிப்புள்ள மெஷின். அதில் எண்ணெய் காய்ந்து கிடக்க, முகத்துக்கு மட்டும் பெயின்ட் அடிப்பது இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு அழகா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இன்டர்ன்ஷிப் போனவங்களைக் கேளுங்க. ரீவொர்க் பண்ண பாகத்தைப் புதுசோட கலந்து அனுப்பினா சும்மா விடுவாங்களா? வாட்சுக்கும் அதே நியாயம்தான். மாற்றுங்கள், தாராளமா மாற்றுங்கள். எதை மாற்றினீங்கன்னு ஒரு சீட்டில் எழுதி, வாங்குறவர் கையில கொடுங்கள்.

வீட்டு பீரோவில் தாத்தாவோட வாட்ச் கிடக்குதா? முதலில் சர்வீஸ் பண்ணுங்க. டயல் மங்கலாகவே இருக்கட்டும்.