நான்காவது புகைபோக்கி

ஆலங்குளத்தில் ஒரு பையன் மரத்துண்டைச் செதுக்கிக் குட்டிப் போர்க்கப்பல்கள் செய்து, வர்ணம் பூசி, தரையில் பரப்பிக் கடற்போர் ஆட உட்கார்ந்தால், "கடலே இல்லாத ஊரில் கப்பல் எதற்கடா?" என்று சிரிக்கிறார்கள் பெரியவர்கள். கில்லாடிகளை எல்லாம் 'எம்டன்' என்கிற இவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கப்பலின் கில்லாடித்தனம் தெரியும்?

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டனுக்குப் புகைபோக்கி மூன்றுதான். அக்டோபர் 28-ல் பொய்யாக நான்காவது ஒன்றை நட்டுக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து, ருஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. அந்த நான்காவதைத் தீக்குச்சித் துண்டால் ஒட்டிப் பார்க்கிற பையனுக்குச் சரித்திரம் கைக்குள் வருகிறது.

விளையாட்டாம்! 1942-ல் லிவர்ப்பூலில் இப்படித் தரையில் கப்பல் நகர்த்தி ஆடித்தான், ஜெர்மன் நீர்மூழ்கிகளை மடக்கும் வழிகளைப் பிரிட்டிஷ் கடற்படை கண்டது. ஆடியவர்களில் பலர் இளம்பெண்கள். தீபாவளி வாணத்துக்குக் கணக்குப் பார்க்காத அப்பாக்கள், ஒரு வர்ண டப்பிக்கு ஏன் இப்படி மூக்கால் அழுகிறார்கள்?