மெடலின் ஓரத்தில் ஒரு பெயர்

பழைய ராணுவ மெடல் சேகரிப்பவர்கள் ஒரு பிரிட்டிஷ் மெடலைக் கையில் எடுத்தால் முகப்பில் இருக்கும் ராஜா தலையோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். விளிம்பைத் திருப்பிப் பார்ப்பார்கள். வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கேதான் பொறித்திருக்கும். 1815 வாட்டர்லூ மெடலிலேயே இந்த வழக்கம் உண்டு. (இரண்டாம் உலகப்போர் ஸ்டார்களை மட்டும் பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயரில்லாமலே கொடுத்துவிட்டது. கஞ்சத்தனம்!)

என்னைக் கேட்டால், விளிம்பில் உள்ள பெயரை அராவி எடுப்பதும், ஒரே ஆளின் மெடல்களைப் பிரித்து விற்பதும் போலி மெடல் செய்வதைவிட மோசம். போலியை வாங்கியவனுக்குப் பணம்தான் போகும். இதில் ஒரு மனிதனின் அடையாளமே போகிறது.

மிகையாகச் சொல்லவில்லை. முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கு மேல், 1940 செப்டம்பரில் லண்டன் மீது விழுந்த குண்டுகளில் அழிந்தன. மெடல் வழங்கிய விவரம் உள்ள அட்டைகள் தப்பின. பல பேருக்கு மிஞ்சியது அந்த அட்டையும் மெடலும்தான்.

அந்த மெடலுக்கும் வந்தது ஆபத்து. முதல் உலகப்போருக்கான பிரிட்டிஷ் வார் மெடல் சுமார் 65 லட்சம் வழங்கப்பட்டது. பெரும்பாலும் வெள்ளி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ். 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது ஏராளமான மெடல்கள் உருக்கப்பட்டன. கூடவே கிடைத்த விக்டரி மெடல் வெண்கலம் என்பதால் பிழைத்தது. ஜோடி இல்லாத விக்டரி மெடல்கள் இன்று இத்தனை கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வேடிக்கை. இந்தியா, சீனா, மால்டாவிலிருந்து போன தொழிலாளர் படையினருக்கு அதே வார் மெடலை வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். அன்றைக்கு அது பாரபட்சம். உருக்கும் உலையிலிருந்து காப்பாற்றியதும் அதே பாரபட்சம்தான்!

பெயர் மாற்றிய மெடலைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. வார் மெடலின் விட்டம் 36 மில்லிமீட்டர். பழைய பெயரை அராவினால் அளவு குறையும், வெர்னியர் காலிபரில் தெரிந்துவிடும். எழுத்தின் வடிவத்தையும் அசல் ஒன்றோடு ஒப்பிட வேண்டும். பளபளப்புக்காகப் போட்டுத் தேய்ப்பவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக இதே அராவும் வேலையைத்தான் செய்கிறார்கள்.

"என் பணம், என் மெடல், பிரித்து விற்றால் உனக்கென்ன?" என்பார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் பிரிப்பதற்கு முன் மூன்றையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, விளிம்பில் உள்ளதை எழுத்து மாறாமல் குறித்து, வாங்குபவர் ஒவ்வொருவரிடமும் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாதவரிடம் நான் வாங்க மாட்டேன்.