தட்டத் தட்டத் தெரியும் எழுத்து

மின்னஞ்சலை இன்று புதிதாகக் கண்டுபிடித்தால் அது எப்படி இருக்கும்? கூகுள் மேப்ஸுக்கு அடித்தளம் போட்ட லார்ஸ், ஜென்ஸ் ராஸ்முசன் சகோதரர்கள் இந்தக் கேள்வியோடுதான் சிட்னியில் வேலையைத் தொடங்கினார்கள். 2009 மே 28 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் அவர்கள் காட்டிய விடை, கூகுள் வேவ். அரட்டை, கடிதம், கூட்டாக எழுதும் ஆவணம் மூன்றும் ஒரே பக்கத்தில்.

செப்டம்பர் 30 அன்று அதைப் பயன்படுத்திப் பார்க்கச் சுமார் ஒரு லட்சம் பேருக்கு அழைப்பு போனது. கிடைக்காதவர்களுக்காக ஈபேயில் அழைப்புகள் விலைக்கு வந்தன. முண்டியடித்து உள்ளே போனவர்களுக்கோ பேச ஆளில்லை. நண்பர்கள் எல்லாரும் வெளியே அழைப்புக்குக் காத்திருந்தார்கள்.

ஆள் கிடைத்த பிறகுதான் உண்மையான சங்கடம். ஒருவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அடுத்தவர் திரையில் அப்போதைக்கப்போதே ஓடியது. எழுத்துப்பிழை, தயக்கம், கோபத்தில் போட்டுச் சட்டென்று அழித்த சொல் எல்லாம் அம்பலம். வாக்கியம் முடியும் முன்பே எதிரில் இருப்பவர் பதிலைத் தொடங்கிவிடுவார். தட்டுவதை மறைக்கும் வசதி பின்னால் வரும் என்று அறிமுக மேடையிலேயே சொன்னார்கள். அது முதல் நாளே வந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் இது புதுமையே அல்ல. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி அமைப்பில் 1973லேயே டாக்கோமேட்டிக் என்ற அரட்டை நிரல் இருந்தது. திரையைப் பகுதிகளாகப் பிரித்து, ஐந்து பேர் தட்டுவதை எழுத்தெழுத்தாகக் காட்டியது. பின்னால் வந்த அரட்டைச் செயலிகளில் பெரும்பாலானவை, அனுப்பும் பொத்தானை அழுத்தும்வரை எழுதுவதை எழுதுபவரிடமே விட்டுவைத்தன.

வேவில் மெச்ச வேண்டியது வேறொன்று: ‘பிளேபேக்’. தாமதமாக வந்து சேர்பவர், யார் எதை எப்போது சேர்த்தார், எதைத் திருத்தினார் என்பதை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். பிரதி திருத்துபவர்கள் கனவு கண்ட வசதி. ஆனால் மொத்தக் கருவியும் புரிபட, அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு கையேட்டுப் புத்தகமே வரவேண்டியிருந்தது. நாலு பேர் பேசிக்கொள்ள இவ்வளவு பாடமா?

2010 ஆகஸ்ட் 4 அன்று, போதிய பயனர்கள் சேரவில்லை என்று வேவைக் கூகுள் கைவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு ஏப்ரலில் கூகுள் டாக்ஸிலும் எழுத்தெழுத்தாக ஓடும் கூட்டுத் திருத்தம் வந்திருந்தது. அங்கே யாரும் கூச்சப்படவில்லை. பொது ஆவணத்தில் அடுத்தவர் பார்க்க அடித்துத் திருத்துவோம். பேச்சில் அதைப் பொறுக்கமாட்டோம். இன்றைய அரட்டைச் செயலிகள் ‘தட்டச்சு செய்கிறார்’ என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.