லூபஸுக்குப் புது மருந்து வருதாம், பழைய மருந்து எங்க?

போன மாதம் எங்கட வட்ஸ்அப் குழுவில ஒருத்தர் ஒரு வீடியோ போட்டார். "லூபஸுக்கு முழுச் சுகம் கண்டுபிடிச்சாச்சு" என்று தலைப்பு. கீழே நிறைய இதயங்களும் கைகூப்பல்களும். எங்கட குழுவில லூபஸ் இருக்கிற தோழி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவ காலமையில இருந்து கிளினிக் வரிசையில நின்றவ. பின்னேரம்தான் ஒரு வரி எழுதினா: "எனக்கு இந்த மாதக் குளிசை அரைவாசிதான் தந்தவை. மிச்சத்தை வெளியில வாங்கட்டாம்."

அந்த வரிக்கு ஒரு இதயமும் விழவில்லை. அதனாலதான் இதை எழுதுகிறோம்.

லூபஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கிருமியோடு சண்டை பிடிக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்த உடம்பையே அடிக்கிற வருத்தம் அது. தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம், மூளை என்று எங்கேயும் அடிக்கும். தொற்றாது. வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள்ளே. அதாவது ஏ.எல். படிக்கிற, கம்பஸ் போற, கலியாணம் பேசுற வயது. ஒளிச்சு வைக்கிற வருத்தமாக இது மாறினதுக்கு அந்தக் கடைசிக் காரணம் போதும்.

இந்த வருத்தத்தின் மருந்து வரலாறு கொஞ்சம் வெட்கக்கேடானது. அமெரிக்காவில் 1948 இல் அஸ்பிரினுக்கு அனுமதி கிடைத்தது. 1955 இல் ஸ்டீரொயிட்டுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயினுக்கும். அதற்கு அடுத்த மருந்து பெலிமுமாப், 2011 இல். இடையில் 56 ஆண்டுகள்! அந்தக் காலம் முழுக்க வைத்தியர்கள் புற்றுநோய்க்காரரிட்ட இருந்து சைக்ளோபொஸ்பமைட்டையும், சிறுநீரகம் மாற்றினவரிட்ட இருந்து அசதியோப்ரினையும் மைகோபினொலேட்டையும் இரவல் வாங்கித்தான் லூபஸ்காரரைக் காப்பாற்றினார்கள்.

ஹைட்ரொக்சிகுளோரோகுயினும் இரவல்தான். இரண்டாம் உலகப் போரில் மலேரியா வராமல் இருக்கச் சிப்பாய்களுக்கு மெபக்ரின் என்ற குளிசையைக் கொடுத்தார்கள். அதைப் போட்ட சிலருக்குத் தோல் தடிப்பும் மூட்டு நோவும் குறைந்தது. 1951 இல் பிரான்சிஸ் பேஜ் என்ற வைத்தியர் மெபக்ரினால் லூபஸ் நோயாளர் குணமடைந்ததை லான்செட் இதழில் எழுதினார். அதே குடும்பத்தில் பக்கவிளைவு குறைந்த பிள்ளைதான் இப்ப எங்கட தோழி போடுகிற குளிசை.

ஏன் புது மருந்து வர இவ்வளவு காலம்? கம்பனிகளுக்கு ஆர்வம் குறைவு என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது முழுக்கதை இல்லை. ஒருத்தருக்கு வருகிற லூபஸ் மற்றவருக்கு வருகிற லூபஸ் இல்லை. வருத்தம் தன்பாட்டில் கூடும், தன்பாட்டில் அடங்கும். பரிசோதனையில் வெற்றுமருந்து எடுக்கிறவர்களையும் சும்மா விட ஏலாது, அவர்களுக்கும் ஸ்டீரொயிட் போன்ற வழக்கமான மருந்துகள் போகும். ஆகவே வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். பெலிமுமாப்பின் ஒரு பெரிய பரிசோதனையில், 52 வாரங்களுக்குப் பிறகு மருந்து கூடிய அளவில் எடுத்தவர்களில் 58 வீதம் பேருக்கு முன்னேற்றம். வெற்றுமருந்துக் குழுவில் 44 வீதம். 2021 இல் அனுமதி பெற்ற அனிஃப்ரோலுமாப், தன் முதலாவது பெரிய பரிசோதனையில் முக்கிய இலக்கைத் தவறவிட்டு, இரண்டாவதில்தான் கரையேறியது.

பெலிமுமாப்பின் அந்தப் பரிசோதனை நடந்தது ஆசியா, இலத்தீன் அமெரிக்கா, கிழக்கு ஐரோப்பா ஆகிய பக்கங்களில். 800 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். மருந்து சந்தைக்கு வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 35,000 டொலர். ஆரின் உடம்பில் சோதிச்சது, ஆருக்கு விற்கிறது என்று கேட்க வாய் வருகுதுதானே?

இப்ப அந்த வீடியோவுக்கு வருவோம். அதில் சொன்னது பொய் இல்லை. ஜேர்மனியின் எர்லாங்கன் நகரத்தில், நோயாளியின் சொந்த ரி-கலங்களை எடுத்து, ஆய்வுகூடத்தில் மாற்றி, திரும்ப உடம்புக்குள் ஏற்றினார்கள். கார்-ரி என்று அந்த முறைக்குப் பெயர். 2021 இல் முதல் முறை பெற்றவர் ஒரு 20 வயதுப் பெண். 2024 இல் அந்தக் குழு 15 பேரின் முடிவுகளை வெளியிட்டது. அதில் 8 பேர் லூபஸ்காரர். எட்டுப் பேருக்கும் வருத்தம் அடங்கியது, மற்ற மருந்துகளையும் நிறுத்த முடிந்தது. வாசிக்கும்போது எங்களுக்கும் புல்லரித்தது, மறைக்கவில்லை. ஆனால் எட்டுப் பேர். இதே முறை 2017 இல் இரத்தப் புற்றுநோய்க்கு முதலில் விற்பனைக்கு வந்தபோது சொன்ன விலை 475,000 டொலர். எங்கட தோழியின் வரிசை அங்கே போய்ச் சேர எத்தனை காலமோ.

அதுவரை அவவைத் தாங்குவது அந்தப் பழைய குளிசை. அதை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று கனடாவில் 1991 இலேயே பார்த்துவிட்டார்கள். வருத்தம் அமைதியாக இருந்த 47 பேரில் ஒரு பகுதிக்குக் குளிசையைத் தொடர்ந்தார்கள், மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசை. ஆறு மாதத்துக்குள் வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கு வருத்தம் திரும்பக் கிளம்புகிற ஆபத்து இரண்டரை மடங்கு. அதனால "இந்த மாதம் அரைவாசி" என்பது சின்ன விசயம் இல்லை.

2020 மார்ச்சில் உலகமே இதைக் கண்டது. கொவிட்டுக்கு இது மருந்து என்று ட்ரம்ப் சொன்னார், அமெரிக்கா அவசர அனுமதி கொடுத்தது, இந்தியா ஏற்றுமதியை மறித்தது. ஜூனில் அந்த அனுமதியை மீளப்பெற்றார்கள், மருந்து கொவிட்டுக்கு உதவவில்லை. இடையில் பார்மசி பார்மசியாக அலைந்தவர்கள் லூபஸ்காரர். 2022 இல் எங்கட நாட்டில் டொலர் முடிந்தபோது எல்லா மருந்துக்கும் அதே அலைச்சல்.

வீட்டுக்குள்ளும் இதற்கு எதிரி உண்டு. 2016 இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. நல்ல விசயம்தான். ஆனால் தோழியின் அப்பம்மா கேட்கிறா, "நாட்டில மலேரியாவே இல்லை, உனக்கேன் பிள்ளை மலேரியாக் குளிசை?" இன்னொரு பக்கம் ஸ்டீரொயிட்டால முகம் வைக்க, கலியாண வீட்டில சனம் "நல்லாச் சதை போட்டிருக்கிறாய்" என்கிறது. அதைக் கேட்டு ஸ்டீரொயிட்டைத் தானாக நிறுத்தினவர்களை எங்களுக்குத் தெரியும். கனநாள் எடுத்த ஸ்டீரொயிட்டைத் திடீரென நிறுத்துவது உயிராபத்து. வைத்தியரோடு கதைத்துப் படிப்படியாகத்தான் குறைக்கலாம். 2023 இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டல் அதை நாளுக்கு 5 மில்லிகிராமுக்கோ அதற்குக் கீழேயோ கொண்டுவரச் சொல்கிறது. அப்படிக் குறைக்க, மற்றக் குளிசை தடையில்லாமல் கிடைக்கவேண்டும். முகத்தைப் பற்றிக் கதைக்கிற சனம் அதைப் பற்றிக் கதைத்தால் புண்ணியம்.

நாங்கள் பெலிமுமாப்பை உடனே இறக்கு என்று கேட்கவில்லை. ஹைட்ரொக்சிகுளோரோகுயினின் காப்புரிமை எப்பவோ முடிந்தது. சேனக பிபிலே வழிகாட்ட 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானதே, அத்தியாவசிய மருந்துகளைப் பொதுப்பெயரில், மொத்தமாக, மலிவாக வாங்கத்தான். அந்த யோசனைக்கு இதைவிடப் பொருத்தமான குளிசை இருக்கேலாது. இதை வருடம் முழுக்கக் கையிருப்பில் வைக்கவேண்டும். தட்டுப்பாடு வருவதானால் கிளினிக் நாளுக்கு முன்னமே சொல்லவேண்டும். கனகாலம் எடுத்தால் விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனையும் அதே கிளினிக் கொப்பியில் திகதியோடு இருக்கவேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம்.

தோழியின் அடுத்த கிளினிக் புதன்கிழமை. எங்களில் இரண்டு பேர் கூடப் போகிறோம். ஒருத்தர் வரிசையில நிற்க, மற்றவர் பார்மசிகளுக்குக் கோல் எடுக்க.