திறமை மட்டுமா மேடை ஏற்றியது?

லாஸ் ஏஞ்சல்ஸ் பொது நூலகத்தின் சைப்ரஸ் பார்க் கிளையில் 2021 மே மாதம் நான்கு சிறுமிகள் கிட்டாரும் டிரம்ஸுமாகப் பாடினார்கள். பின்னால் புத்தக அலமாரிகள். டிரம்ஸ் வாசித்த மிலாவுக்கு வயது 10, குழுவில் மூத்தவளான பேலாவுக்கு 16. 'தி லிண்டா லிண்டாஸ்' என்ற இந்த ராக் இசைக்குழுவின் 'ரேசிஸ்ட், செக்ஸிஸ்ட் பாய்' பாட்டு சில நாட்களில் உலகமெங்கும் பரவியது. அந்த மாதமே எபிடாஃப் ரெக்கார்ட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது. 2022 ஏப்ரலில் முதல் ஆல்பம் வந்துவிட்டது.

திறமை இருந்தால் ஒரே நாளில் உலகப் புகழ் என்பதாக இந்தக் கதை இன்றும் பகிரப்படுகிறது. நம் தோழர்கள் சிலரும் அப்படியே பகிர்கிறார்கள். எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை.

முதலில் அந்தப் பாட்டைப் பார்ப்போம். அது பிறந்த விதத்தை மிலாவே அந்த மேடையில் சொன்னாள். கொரோனா ஊரடங்குக்குச் சற்று முன்பு வகுப்பில் ஒரு பையன் அவளிடம் வந்து, சீனர்களை விட்டு விலகி இருக்கும்படி தன் அப்பா சொன்னதாகச் சொல்லியிருக்கிறான். தானும் சீன வம்சாவளிதான் என்று அவள் சொன்னதும் பின்வாங்கிப் போயிருக்கிறான். தீட்டு என்ற சொல் அங்கே கிடையாது. ஆனால் அந்தப் பின்வாங்கல் என்னவென்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1871இல் கும்பல் சேர்ந்து சீனர்களைக் கொன்ற நகரம் அது. நூலகத்தில் அவர்கள் பாடியபோது, அட்லாண்டாவில் ஆசியப் பெண்கள் 6 பேர் உட்பட 8 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மிலாவும் அவளது உறவுக்காரப் பெண் எலோயிஸும் அந்த அவமானத்தைப் பாட்டாக்கினார்கள். அது அவர்களின் திறமை, துணிச்சல். சந்தேகமே இல்லை.

ஆனால் குழு 2018லேயே தொடங்கிவிட்டது. 2019இல் 'பிகினி கில்' என்ற புகழ்பெற்ற பெண்ணிய பங்க் குழுவின் கச்சேரிக்கு முன்னால் பாட இவர்களுக்கு இடம் கிடைத்தது. மிலா, லூசியா சகோதரிகளின் அப்பா கார்லோஸ் டி லா கார்சா பெயர்பெற்ற இசைத் தயாரிப்பாளர். எலோயிஸின் அப்பா மார்ட்டின் வாங் 'ஜெயன்ட் ரோபோட்' என்ற ஆசிய அமெரிக்கப் பண்பாட்டு இதழைத் தொடங்கிய இருவரில் ஒருவர். சைனாடவுன் அரசுப் பள்ளியில் இசை வகுப்பு நின்றுவிடக் கூடாதென்று அவரது குடும்பம் கச்சேரிகள் நடத்தி நிதி திரட்டியது. கடைசியில் அழைத்ததும் வீடியோவை வெளியிட்டதும் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நூலகம்.

அவர்களைக் குறைத்துப் பேசவில்லை. இடஒதுக்கீடு என்றதும் 'தகுதி, திறமை' என்று நம்மிடம் பாடம் எடுக்கிறார்களே, அந்தத் திறமைக்கு அடியில் எத்தனை பேர் தோள் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

நாங்கள் வேலை செய்யும் குடியிருப்புகளில், பள்ளியில் சாதி சொல்லித் திட்டினார்கள் என்று பிள்ளை வந்து சொன்னால், "கண்டுக்காத, படிக்கிற வழியப் பாரு" என்பதுதான் பெரும்பாலும் பதில். பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. மறுநாள் காலையில் அதே ஊர்த்தெருவுக்குத்தான் அவர்கள் கூலிக்குப் போக வேண்டும். அந்தப் பிள்ளையிடமும் ஒரு பாட்டு இருக்கும். அதைக் கேட்க நேரமும் இடமும் உள்ள பெரியவர்கள்தான் அங்கே குறைவு.

இடம் இல்லாமலும் இல்லை. 1948லேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கிறார்கள். இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள் பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போங்கள். மே விடுமுறையில் ஒரு மாலை, பிள்ளைகள் தாங்களே எழுதியதைப் பாட இடம் வேண்டும் என்று எழுத்தில் மனு கொடுங்கள். இங்கே சத்தம் போடக் கூடாது என்று சொல்வார்கள். சைப்ரஸ் பார்க் வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள், சத்தத்தைக் கூட்டி வைத்து.