விமானத்தைத் துடைக்கும் பக்குவம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில் இருக்கிறதே, அந்த ஊர்தான். வேர்க்கடலையை 'மல்லாட்டை' என்று சொல்லுகிற சீமை. அங்கே ஆகாய விமானத்துக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அந்த அம்மாளின் பெண் வெளியூரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளுகிறாளாம்.

"ஒரே விமானத்தில் நாளெல்லாம் நாலைந்து பிள்ளைகள் மாறி மாறி ஏறுகிறார்கள். அதே ஆசனம், அதே பிடி, காதில் மாட்டுகிற அதே கருவி. தும்முகிறவர்களும் இருமுகிறவர்களும் இருக்கத்தானே செய்வார்கள்? துடைத்துவிட்டு உட்காரட்டும் என்று ஒரு புட்டி பிளீச்சிங் திரவம் கொடுத்தனுப்பினேன். அதை உள்ளே கொண்டுவரவே கூடாது என்று பயிற்சி ஆசிரியர் சொல்லிவிட்டாராம். சுத்தம் பார்ப்பது ஒரு குற்றமா?" என்று கேட்கிறார்.

குற்றமே இல்லை, அம்மா. ஆனால் ஆசிரியர் சொன்னதும் நியாயந்தான். கிருமியைக் கொல்லுகிற மருந்து சில சமயம் விமானத்தையும் சேர்த்துக் கொன்றுவிடும்!

1930-ல் சென்னையில் பிளையிங் கிளப் தொடங்கிய காலத்தில் 'மாத்' என்ற சிறு விமானங்களில்தான் பழகினார்கள். தலைக்கு மேல் கூரை கிடையாது, காற்றுக்குப் பஞ்சமில்லை. இன்றைக்குப் பல பள்ளிகளில் பழகுகிற செஸ்னா 152 அப்படியல்ல. உள்ளே சுமார் மூன்றேகால் அடி அகலம். அதற்குள் ஆசிரியரும் மாணவியும் தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டும். ஆகவே தாயாரின் கவலை வீண் கவலை அல்ல.

இனி, பிளீச்சிங் திரவம் ஏன் ஆகாது என்று பார்ப்போம். விமானத்தின் உடம்பு பெரும்பாலும் அலுமினியம். அலுமினியப் பாத்திரத்தில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கறுத்துப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். பாத்திரம் ஓட்டையானால் வேறு வாங்கிக்கொள்ளலாம். விமானத்திலோ, தகடுகள் சேருகிற இடுக்குகளில் திரவம் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் அரித்துக்கொண்டே இருக்கும். இடுப்பில் கட்டுகிற வாரும் இந்தக் காரத்தால் வலுவிழக்கும்.

சரி, ஸ்பிரிட் கலந்த சானிடைசர்? அதையும் எல்லா இடத்திலும் தடவ முடியாது. விமானத்தின் முன்புறம் கண்ணாடி போல இருக்கிறதே, அது கண்ணாடி அல்ல. ஆக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். ஸ்பிரிட், பெட்ரோல், நகப்பூச்சைப் போக்கும் அஸிட்டோன், வீட்டுக் கண்ணாடி துடைக்கிற திரவம் எல்லாமே அதற்குச் சத்துரு. மயிரிழை போன்ற விரிசல்கள் விழுந்துவிடும். மாலை வெயிலுக்கு எதிரே இறங்கும்போது அந்த விரிசல்கள் ஒவ்வொன்றும் மின்னிக் கண்ணைக் கூசவைக்கும், ஓடுபாதையே மறைந்துபோகும். அதற்கு ஏற்றது மிருதுவான சோப்பும் தண்ணீரும்தான். முதலில் தண்ணீர் விட்டு மணலும் தூசியும் போகக் கழுவ வேண்டும். பிறகு சுத்தமான பருத்தித் துணி. காகிதம் உதவாது. மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டுக் கை வையுங்கள்; கீறல் விழுந்தால் லேசில் போகாது.

பலர் கை படுகிற பிடிகளையும் கதவுத் தாழ்ப்பாளையும் எப்படித் துடைப்பது? முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அழுக்கை எடுக்க வேண்டும். அழுக்கின் மேல் மருந்து தடவுவது எண்ணெய்ப் பிசுக்கின் மேல் கோலம் போடுவது போலத்தான். பிறகு, விமானத்தின் கைப்புத்தகம் அனுமதிக்கிற இடங்களில் மட்டும், 70 சதவிகித ஐசோப்ரொபைல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, அரை நிமிஷமாவது ஈரமாக விட வேண்டும். கருவிகளின் மேல் நேரே பீய்ச்சுவது கூடவே கூடாது. ஸ்பிரிட் தீப்பற்றும், ஆகையால் மின்சாரத்தை அணைத்துவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஏற வேண்டும். வெயிலில் நிற்கிற விமானத்துக்குள் புட்டியை வைத்துவிட்டு வருவதும் ஆபத்து.

இன்னொரு ஜாக்கிரதையும் உண்டு. துடைக்கிற கை ஏதாவது ஒரு விசையைத் தெரியாமல் தள்ளிவிடலாம். துடைக்குமுன் சாவி வெளியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துடைத்தபின், பெட்ரோல் திருகு முதல் சின்ன விசை வரை அதது அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஆசிரியரோடு சரிபார்க்க வேண்டும். அடுப்பைத் துடைத்துவிட்டுக் காஸ் திருகைப் பார்க்கிறோமே, அதே பழக்கந்தான்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒரு விஷயம். கொரோனாக் காலத்தில் உலகமெல்லாம் துடைத்தோம். ஆனால் 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொன்னது என்ன? கிருமி பட்ட பொருளை ஒரு தடவை தொடுவதால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு பொதுவாகப் பதினாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது. அந்த நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றிலே வருவது. மூன்றேகால் அடி அறையில் பக்கத்திலே காய்ச்சலோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், எந்தப் புட்டி மருந்து காப்பாற்றும்?

சளியோடு பறப்பது அவளுக்கே கெடுதல். ஏற்காட்டு மலை இறங்கும்போது காது அடைக்கிறதல்லவா? மூக்கடைப்போடு விமானத்தில் இறங்கினால் காதுக்குள் ஊசி குத்தும். "ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போ" என்று நாம் சொல்லுவோம். சளி மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொடுக்கும். தூங்கி வழிகிற விமானியை நினைத்தாலே நடுங்குகிறது!

ஆகவே, கீழ்பென்னாத்தூர் அம்மாளே, உங்கள் பெண்ணின் பெட்டியில் பிளீச்சிங் புட்டிக்குப் பதிலாக நாலு பழைய பருத்தித் துணிகளைத் துவைத்து வையுங்கள். ஒரு சோப்புக்கட்டி வையுங்கள். காதில் மாட்டும் கருவியின் ஒலிவாங்கிக்குப் போடுகிற பஞ்சுறையை அவளுக்கென்று தனியாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாய்க்கு மிக அருகில் வருவது அதுதான். ஏறுமுன்பும் இறங்கியபின்பும் கை கழுவச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் பணம் கொட்டுகிறோம், முறை தவறினால் வீட்டில் என்ன சொல்லுவார்களோ என்று பயந்துதான் பிள்ளைகள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். "உடம்பு சரியில்லையென்றால் போகாதே, கண்ணே, ஒரு முறை போனால் போகட்டும்" என்று தாயே சொல்லிவிட்டால், அந்தப் பயம் பறந்துபோகும்.