வெனிஸ் கடைத்தெருவை நடந்துதான் பார்க்க வேண்டும்

நம் வணிகர்களில் வெளிநாட்டுச் சுற்றுலா சென்று வருவோர் தொகை பெருகி வருகிறது. விற்பனை இலக்கை எட்டிய விநியோகஸ்தர்களையும் மொத்த வியாபாரிகளையும் கம்பெனிகள் அழைத்துச் செல்வதுண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் டிக்கெட் எடுத்து அனுப்புவதும் உண்டு. எப்படிப் போனாலும் ஐரோப்பா என்றால் பத்து நாளில் ஐந்து நாடு என்பதுதான் கணக்கு. அதில் இத்தாலியின் வெனிஸ் நகருக்கு அரை நாள் ஒதுக்குவார்கள். படகில் கொண்டுவந்து இறக்கி, சான் மார்கோ சதுக்கத்தில் படம் எடுக்கவிட்டு, கண்ணாடிப் பட்டறை ஒன்றைக் காட்டி, மீண்டும் படகில் ஏற்றிவிடுவார்கள். ஊர் திரும்பியவரிடம் வெனிஸ் எப்படி என்று கேட்டால், "தண்ணீருக்குள்ளே ஊர்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

வணிகனாகப் பிறந்தவன் வெனிஸை இப்படிப் பார்த்துவிட்டு வருவது நஷ்டம் என்பது நமது கருத்து. அந்த ஊர் வியாபாரத்தால் எழுந்து, வியாபாரத்தால் பெருத்து, வியாபாரம் கை மாறியதால் சுருங்கிய ஊர். அதன் கதை அரண்மனையில் இருப்பதைவிடக் கடைத்தெருவில் அதிகம் இருக்கிறது. அந்தக் கடைத்தெருவின் பெயர் ரியால்டோ. பழைய நகருக்குள் கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது. நடக்க வேண்டும், அல்லது படகில் போக வேண்டும். சந்துகளோ, எதிரே ஒருவர் குடையோடு வந்தால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். அங்கே ஐம்பது பேர் கொடிக்குப் பின்னால் ஓடினால் எதுவும் தெரியாது. எட்டு, பத்துப் பேர் கொண்ட சிறு குழுவாக, உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவருடன் இரண்டரை மணி நேரம் நடந்தால்தான் தெரியும்.

இரண்டு விதமாகவும் பார்த்த அனுபவம் நமக்கு உண்டு. 2023ஆம் ஆண்டு பெரிய பேருந்துக் குழுவோடு போனோம். 2025 ஜூன் மாதம் பதுவா நகரிலிருந்து ரயிலில் போய், ஒன்பது பேர் கொண்ட நடைக்குழுவில் சேர்ந்துகொண்டோம். இரண்டும் ஒரே ஊரா என்று சந்தேகம் வந்துவிட்டது.

ரியால்டோ பாலத்திலிருந்து நடை தொடங்கியது. 1588 முதல் 1591 வரை கட்டப்பட்ட கல் பாலம் அது. பாலத்தின் மேலேயே இரு வரிசையாகக் கடைகள். அன்றைய அரசு வாடகை வரும் என்று தெரிந்தே பாலத்தில் கடை கட்டியது. இதை ரசிக்க வணிகனுக்குத்தான் தெரியும். பாலத்தை விட்டு இறங்கியதும் சான் ஜாகோமோ என்ற சிறிய மாதா கோயில் போன்ற ஒரு தேவாலயம். பேருந்துக் குழுவோடு வந்தபோது இதன் முன்னால் நாம் நின்றதாகவே நினைவில்லை. இம்முறை வழிகாட்டியாக வந்த அம்மையார் எங்களைக் கட்டடத்தின் பின்புறச் சுவருக்கு அழைத்துப் போனார். அங்கே பழைய லத்தீன் எழுத்தில் ஒரு கல்வெட்டு. இந்தக் கோயிலைச் சுற்றி வணிகரின் நியாயம் நேராக இருக்க வேண்டும், எடை சாயக் கூடாது, ஒப்பந்தத்தில் வஞ்சம் கூடாது என்பது அதன் பொருள். எடைக்கல் முத்திரை வைக்க வரிசையில் நிற்கும் நமக்கு அந்தச் சுவர் அந்நியமாகத் தோன்றவில்லை.

அந்தத் தேவாலயத்தின் முன்புறத்தில்தான் அக்காலத்து நாணயம் மாற்றுவோர் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். பலகைக்கு அவர்கள் மொழியில் பாங்கோ என்று பெயர். இன்று உலகமெல்லாம் வழங்கும் பாங்க் என்ற சொல் அதிலிருந்து வந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாதவனின் பலகையை உடைத்துப் போடுவார்கள் என்று சொல்வதுண்டு. உடைந்த பலகை, அதாவது பாங்கா ரோட்டா, என்ற அந்தச் சொல்தான் நம் ஊர் மஞ்சள் கடுதாசிக்கு ஈடானது. 1587இல் இங்கே அரசே பொது வங்கி ஒன்றைத் தொடங்கியது. கடை வைத்திருப்போர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: பற்று ஒன்று வரவு ஒன்று என்று ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடத்தில் எழுதும் கணக்கு முறையை விளக்கி லூகா பாசியோலி என்ற துறவி 1494இல் புத்தகம் அச்சிட்டது வெனிஸில்தான். அவர் விளக்கியது, வெனிஸ் வியாபாரிகள் அதற்கு முன்பே கையாண்டு வந்த முறையை. இன்று கம்ப்யூட்டரில் ஜி.எஸ்.டி. கணக்குப் போடும் மென்பொருளுக்கும் அடிப்படை அதுவே.

தேவாலயத்துக்கு எதிரே கூனிய உருவம் ஒன்று படிக்கட்டைத் தோளில் சுமப்பது போலச் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசின் ஆணைகளை அங்குள்ள கல்மேடையில் ஏறி நின்று உரக்கப் படிப்பார்களாம். புது வரி என்றால் இங்கேதான் வணிகன் காதில் முதலில் விழும் என்று நம் குழுவில் ஒருவர் சொன்னார். அம்மையார் சிரித்து விட்டார்.

பக்கத்துத் தெருப் பெயர்களைக் கேளுங்கள். பொற்கொல்லர் தெரு, மளிகையும் மசாலாவும் விற்போர் தெரு, ஆரஞ்சுப் பழத் துறை, காய்கறித் துறை, பாலாடைக்கட்டிக் கடைப் பகுதி. சரக்கின் பெயரே தெருவின் பெயர். மசாலாத் தெருவில் மஸ்காரி என்ற பழைய கடை ஒன்று இன்றும் நடக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் மிளகு, பட்டை, மிளகாய்த்தூள் எல்லாம் குவித்து வைத்திருக்கிறார்கள். மலையாளக் கரையில் விளைந்த மிளகு அலெக்சாண்டிரியா வழியாக இந்தத் தெருவுக்கு வந்து, இங்கிருந்து ஜெர்மானிய வியாபாரிகள் கையில் வடக்கே போனது. வாஸ்கோ ட காமா 1498இல் கள்ளிக்கோட்டைக்குக் கடல் வழி கண்டான். லிஸ்பனுக்கு நேரே மிளகு வந்து இறங்குகிறது என்ற செய்தி ரியால்டோவுக்கு எட்டியபோது, ஜிரோலாமோ பிரியூலி என்ற வியாபாரி அதைத் தம் நாட்குறிப்பில் பெரும் கேடாக எழுதி வைத்தார். இடைத்தரகு இல்லாமல் நேரடிக் கொள்முதல் செய்யும் போட்டியாளன் வந்தால் மண்டிக்காரர் முகம் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் வெனிஸ் உடனே படுத்துவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் பழைய வழியில் மிளகு மீண்டும் நன்றாகவே வந்தது. அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்த பிறகுதான் அது ஓய்ந்தது. இந்தப் பின்பகுதியைப் பலரும் சொல்வதில்லை.

மீன் சந்தைச் சுவரில் ஒரு சலவைக்கல். எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறது. விலாங்கு 25, சிப்பி 5. வாங்குகிறவனும் படிக்கலாம், விற்கிறவனும் படிக்கலாம். ஆய்வாளர் வந்து நின்று வாக்குவாதம் செய்ய இடமில்லாத சட்டம்! விதியைக் கோப்பில் வைக்காமல் சந்தைச் சுவரில் வைத்ததை நாம் வெகுநேரம் நின்று பார்த்தோம். ஒன்பது பேர் குழு என்பதால் நிற்க முடிந்தது.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருவோம். பாலத்துக்கு மறுகரையில் சான் பார்த்தொலோமியோ சதுக்கத்தில் ஒரு மருந்துக் கடை. அதன் காட்சிக் கண்ணாடியில் 2008 முதல் ஓர் எண் பலகை எரிகிறது. விலைப் பட்டியல் அல்ல அது. பழைய நகரில் குடியிருப்போர் எண்ணிக்கை. 1951இல் அங்கே சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அது 50,000க்கும் கீழே இறங்கியது. அம்மையார் அந்தக் கடைக்கு முன் எங்களை நிறுத்தி, தாம் சிறுமியாக இருந்தபோது தம் தெருவில் ரொட்டிக் கடை, பால் கடை, மளிகைக் கடை எங்கெங்கே இருந்தன என்று விரல் விட்டுச் சொன்னார். இன்று அந்த இடங்களில் முகமூடியும் காந்த பொம்மையும் விற்கிறார்களாம்.

காரணம் கடினமானதல்ல. சுற்றுலாப் பயணி ஒரு கிலோ உப்பு வாங்க மாட்டான். தெருவில் ஆயிரம் பேர் நடந்தாலும் மளிகைக் கடைக்கு அவர்கள் வாடிக்கையாளர் அல்லர். வீடுகள் தினவாடகை அறைகளாக மாற மாற, மாதச் சாமான் வாங்குகிற குடும்பங்கள் கரையேறிப் போகின்றன. கடை வாடகையோ தெருவில் நடக்கும் தலைகளை எண்ணி ஏறுகிறது. அப்பா நடத்திய மளிகையை மகன் பொம்மைக் கடையாக்கினால் அவனைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவனும் வணிகனே, அவனுக்கும் கல்லா நிறைய வேண்டும். எஞ்சிய குடும்பங்களின் வியாபாரமும் பெரிய கடைகளுக்குப் போகிறது. இத்தாலியா என்ற அழகிய பழைய திரையரங்கு 2016இல் சூப்பர் மார்க்கெட் ஆனது. சுவரோவியத்துக்குக் கீழே தக்காளி அடுக்கியிருக்கிறார்கள். கட்டடம் பிழைத்ததே என்று சந்தோஷப்படுவோர் உண்டு. நமக்கு அதில் பாதி சந்தோஷம்தான்.

பெரிய முதலுக்கும் அந்தத் தெரு நிரந்தரமல்ல என்பதையும் பார்க்க வேண்டும். ரியால்டோ பாலத்தடியில், ஒருகாலத்தில் ஜெர்மானிய வணிகர்கள் தங்கிச் சரக்கு வைத்த பெரிய கிடங்குக் கட்டடம் உள்ளது. தபால் நிலையமாகப் பலகாலம் இருந்து, 2016இல் ஆடம்பரப் பொருள் மாளிகையாகத் திறந்தார்கள். 2025இல் அதை மூடிவிட்டார்கள். வந்து போகும் கூட்டத்தை மட்டுமே நம்பிப் போட்ட முதல் அது.

நகராட்சி சும்மா இருக்கவில்லை. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரை ஒட்டிய கால்வாயில் வருவதற்கு 2021 ஆகஸ்டு முதல் தடை. 2024 ஏப்ரல் 25 முதல், தங்காமல் ஒரு பகல் மட்டும் வந்து போகிறவரிடம் கூட்டம் மிகுந்த நாட்களில் 5 யூரோ வாங்கத் தொடங்கினார்கள். 2025இல் நாட்களைக் கூட்டி, கடைசி நேரத்தில் கட்டுவோருக்கு 10 யூரோ ஆக்கினார்கள். வெள்ளிக்கிழமை போனதால் நாமும் முன்கூட்டியே 5 யூரோ கட்டினோம். முதல் ஆண்டில் மட்டும் சுமார் 24 லட்சம் யூரோ வசூலானது. ஆனால் இத்தனை தூரம் வந்தவன் ஐந்து யூரோவுக்காகத் திரும்பிப் போவானா? இது நகராட்சிக் கல்லாவுக்கு உதவும். மளிகைக் கடைக்கு ஒரு குடும்பத்தையும் கொண்டுவந்து சேர்க்காது என்றே நாம் நினைக்கிறோம்.

அதைவிட மதிப்புள்ள வேலை, 2024இல் வந்த மற்றொரு விதி. வழிகாட்டியோடு செல்லும் குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது. மீறினால் 25 முதல் 500 யூரோ வரை அபராதம். சுற்றுலாப் பேருந்தின் பாதிக் கொள்ளளவு இந்த 25. கடை வாசலை மறித்து ஐம்பது பேர் நின்று வரலாறு கேட்டால் உள்ளே போக வேண்டிய கிழவி திரும்பிப் போய்விடுவாள். இது கடைக்காரருக்குத் தெரிந்த நஷ்டம். பெரிய கூட்டம் போனால் வியாபாரம் பெருகும் என்பவர்களை ஒரு பகல் அந்தச் சந்தில் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும். கூட்டத்தோடு போகிறவனுக்கு நின்று வாங்க நேரம் ஏது? நமது ஒன்பது பேர் குழு மஸ்காரி கடையில் மசாலா வாங்கியது, சந்தையில் செர்ரிப் பழம் வாங்கியது, சிறு மதுக்கடை ஒன்றில் ரொட்டித் துண்டும் மீனும் நின்றபடி சாப்பிட்டது. சைவர்களுக்குக் கத்தரிக்காயும் கூனைப்பூவும் கிடைத்தன. அந்தக் காசெல்லாம் அந்தத் தெருக்காரர்களிடமே போய்ச் சேர்ந்தது.

2023இல் நடந்தது வேறு. ஒரு கண்ணாடிக் கடைக்குள் அழைத்துப் போய்ப் பின்கதவைச் சாத்தாத குறையாக முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். கமிஷன் என்று நமக்குப் புரியாதா? தரகு யார் வாங்கினாலும் அது பொருளின் விலையில்தான் ஏறும். சிறு குழுவில் ஆளுக்குக் கட்டணம் அதிகம் என்பது உண்மை. அங்கே வழிகாட்டியின் கூலியை நாமே நேராகக் கொடுக்கிறோம், கடைக்காரன் தலையில் அது விழுவதில்லை. இருந்தாலும் சிறு குழு என்றாலே யோக்கியம் என்று எண்ணிவிட வேண்டாம். எத்தனை பேர், கடை நிறுத்தம் உண்டா, வழிகாட்டிக்கு உரிமம் உண்டா என்ற மூன்றையும் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சந்தைக் கடைகளின் வாசல்கட்டையில் பலகை செருகும் பள்ளம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கடல் பொங்கும் நாளில் சரக்கைக் காக்க வைத்த ஏற்பாடு. 2019 நவம்பர் 12ஆம் தேதி 187 சென்டிமீட்டர் ஏறிய வெள்ளத்துக்கு அந்தப் பலகை போதவில்லை. 2020 அக்டோபர் முதல் கடல்வாயில் மடக்குக் கதவுகளை உயர்த்திப் பெருவெள்ளத்தைத் தடுக்கிறார்கள்.

பயண ஏஜெண்டிடம் இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ரியால்டோ மீன் சந்தை செவ்வாய் முதல் சனி வரை, காலையில்தான். ஞாயிறும் திங்களும் கொட்டகை காலி. பகலுக்கு மேல் போனால் கழுவி விட்ட தரையைத்தான் பார்க்கலாம். ஆகவே வெனிஸை அந்த நாட்களில் வைத்து, நடையைக் காலை ஒன்பது மணிக்குள் தொடங்கும்படி கேளுங்கள்.